ஏழாம் லயனில் எவரும் வசிக்கவில்லை

விஜயகலாவுக்கு மகளை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வேண்டும். அதற்கு வதிவிடச் சான்றிதழ் வேண்டும். எஹலியகொடைப் பக்கத்து இறப்பர்த் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான ஏழாம் லயனில், ஐந்தாம் காம்பராவில் பிறந்து, அங்கேயே கல்யாணமும் கட்டி, அங்கேயே பிள்ளையும் பெற்றவள். இதற்கு மேல் ஒரு மனுஷி எப்படித்தான் வசிப்பதாம்?

கிராம சேவகர் கருணையோடுதான் கேட்டார்.

"கரண்ட் பில் இருக்கா? தண்ணி பில்?"

"பில்லெல்லாம் தோட்டத்துப் பேர்லதாங்க மாத்தயா வருது. எங்க கடுதாசிகூட ஆபீசுக்குத்தான் வரும்."

"நீ அங்க இருக்கிறது எனக்குத் தெரியும். காயிதத்துக்குத் தெரியணுமே! முகவரி உள்ள அயலவர் யாராச்சும் எழுதித் தரட்டும்."

இருந்தார் ஒருவர். தோட்ட நிர்வாகம் நாலாம் காம்பராவுக்கு வெள்ளையடித்து, 'பாரம்பரிய வாசம்' என்று பலகை மாட்டி, வெள்ளைக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்தது. இப்போது அதுதான் நாகரிகம். கூரை ஒழுகுவதும் பாரம்பரியத்தில் சேர்த்தி. ஜெர்மனியிலிருந்து வந்த ஹெல்கா அம்மையார், லயன்காரர்களுக்கு ஹெல்கா நோனா, அதில் நனைந்து மகிழ்ந்துகொண்டிருந்தார். அவருக்கு மட்டும் காம்பரா இலக்கத்தோடு முகவரி உண்டு, ரசீதில் அச்சடித்தே கொடுத்திருந்தார்கள். "விஜயகலா என் அடுத்த அறையில் வசிக்கிறார். விடியற்காலையில் இருமுவது நன்றாகக் கேட்கும்" என்று அன்போடு எழுதிக் கொடுத்தார்.

அதே வாரம் ஹெல்காவின் விசா முடிந்தது. நீட்டிப்பதற்கு, அங்கே நெடுங்காலம் வசிக்கும் ஒருவர் கடிதம் தந்து, அதைக் கிராம சேவகர் உறுதிப்படுத்த வேண்டுமாம். விஜயகலா சந்தோஷமாக எழுதிக் கொடுத்தாள்.

இரண்டு கடிதங்களும் கிராம சேவகரின் மேசையில் சந்தித்துக்கொண்டன. மனுஷன் இரண்டு நாள் சோறு தண்ணி மறந்து யோசித்தார். விசா முடிந்தவரின் முகவரி செல்லாது. ஆகவே அவர் விஜயகலாவுக்கு எழுதியது செல்லாது. ஆகவே விஜயகலா அவருக்கு எழுதியதும் செல்லாது. "மேற்படி லயனில் எவரும் வசிக்கவில்லையென இத்தால் அறியத்தரப்படுகிறது" என்று முத்திரை குத்தி, தோட்ட ஆபீசுக்கும் ஒரு பிரதி அனுப்பினார்.

விஜயகலா வீட்டுக்கு வந்தபோது மகள் புது வெள்ளைச் சட்டையைப் போட்டுக் கண்ணாடி பார்த்துக்கொண்டிருந்தாள். தாய்க்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுது முடித்ததும் ஆத்திரம் வந்தது. ஆத்திரம் தணிந்ததும் சிரிப்பு வந்தது. எழுந்து லயன் முழுக்க ஒரு சுற்றுப் போய்ப் பேசிவிட்டு வந்தாள்.

மறுநாள் விடியலில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு மணி அடித்தும் ஒரு கதவும் திறக்கவில்லை. கணக்கப்பிள்ளை கத்திக்கொண்டே ஓடி வந்தார்.

"என்னா, ஒருத்தரையும் காணோம்? மரத்துல பால் வெட்டுறது யாரு, பால் எடுக்கிறது யாரு?"

"இங்க யாருமே இல்லீங்கய்யா," என்றாள் விஜயகலா உள்ளேயிருந்து. "ஆபீசுக்குக் கடுதாசி வந்திருக்கும், பாருங்க."

தோட்டத்தை நடத்தும் துரைக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. சும்மா விடலாமா? ஆனால் குற்றம் சாட்டுவதென்றால் பேரும் முகவரியும் சுத்தமாக இருக்க வேண்டும் என்றுவிட்டார் வக்கீல். மூன்றாம் நாள் காம்பரா காம்பராவாகப் பதிவுத் தபால் வந்து இறங்கியது. "திருமதி விஜயகலா, காம்பரா இல. 5, ஏழாம் லயன். பணிக்குச் சமுகமளிக்காமைக்கு உடன் விளக்கம் தருக."

விஜயகலா அதைத் தூக்கிக்கொண்டு கிராம சேவகரிடம் ஓடினாள். அவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். தோட்ட முத்திரை, துரை கையொப்பம், முழு முகவரி.

"அடடே! இவ்வளவு நல்ல ஆவணத்தை வச்சுக்கிட்டா இத்தனை நாளா அலைஞ்ச?"

சான்றிதழ் கிடைத்தது. மகளுக்குப் பள்ளியில் இடமும் கிடைத்தது.

ஹெல்கா நோனாவின் விசாதான் இன்னும் இழுபறி. அவர் இப்போது பால்வெட்டு வேலை கேட்டுத் தோட்டத்துக்கு மனுப் போட்டிருக்கிறார். கிடைத்தால் மறுநாளே வேலைக்குப் போகாமல் இருந்துவிடுவாராம்.