சீல் உடைந்த பிரெட் தட்டு

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணன் எழுதுவது. நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இருந்துதான் ஆக வேண்டும். குடும்பத்தில் அந்தப் பொறுப்பை ஏற்க இப்போது வேறு ஆள் இல்லை. எனக்கு வலது கையில் ஒரு தீக்கொப்புளம், மற்றபடி ஒன்றுமில்லை. அப்பா நன்றாகச் சாப்பிடுகிறார். உன் சின்னவள் வரைந்து அனுப்பிய படம் வந்தது. அது மாடா நாயா என்று எனக்கும் அப்பாவுக்கும் ஒரு வாக்குவாதம் நடந்தது. எதுவானாலும் நன்றாக இருக்கிறது என்று சொல்.

இனி விஷயம். அப்பாவை முதியோர் இல்லத்தில் சேர்க்க நானும் சம்மதித்துவிட்டேன். அக்கா ஓர் இடம் பிடித்து வைத்திருக்கிறாள். பிள்ளைகள் மூவரும் ஒப்புக்கொண்டால்தான் சேர்ப்பார்களாம், நீ மட்டும்தான் பாக்கி. இத்தனை நாள் முடியவே முடியாது என்று சண்டை போட்டவன் ஏன் இறங்கி வந்தேன் என்று கேட்பாய். ஒரு தட்டு பிரெட்டினால். சிரிக்காமல் படி.

போன வாரம் அக்கா போன் செய்தாள். "ஞாயித்துக்கிழமை காலையில நானும் உங்க அத்தானும் வரோம். டிஃபன் உன் வீட்டுலதான். ஒரு வேளைச் சாப்பாட்டை ஒழுங்கா மேசைக்குக் கொண்டுவா, அப்பா உன்கிட்டயே இருக்கட்டும். முடியலன்னா அப்புறம் எங்கிட்ட பேசாதே." எனக்கோ காலை வேளைதான் ஆகாத வேளை. ஏன் என்பதை உங்கள் இருவரிடமும் இதுவரை மறைத்து வைத்திருந்தேன். பொழுது சாய்ந்தால் அப்பா டூட்டிக்குப் போய்விடுகிறார். அவர் காவலுக்கு நின்ற பெயிண்ட் ஆலையை இடித்து அங்கே கார் நிறுத்தும் இடம் கட்டியாகிவிட்டது, அது அவருக்குத் தெரியாது. சாவிக்கொத்தை இடுப்பில் மாட்டிக்கொண்டு செருப்புச் சத்தத்துடன் அறை அறையாகச் சுற்றுகிறார். விடிந்த பிறகும் மாற்று ஆள் வந்து பொறுப்பை வாங்கிக்கொள்ளும்வரை உட்காரமாட்டார், தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். ஆகவே தினமும் காலையில் நான் பின்கதவு வழியாக வெளியேறி, கொடியில் தொங்கும் காக்கித் தொப்பியை வைத்துக்கொண்டு, வீட்டைச் சுற்றி வந்து வாசல் கதவைத் தட்டுவேன். "ராத்திரி எப்படிண்ணே?" என்பேன். "ஒரு தொந்தரவும் இல்ல" என்று சாவியைக் கொடுப்பார். பெற்ற அப்பாவை அண்ணே என்று கூப்பிட முதலில் நாக்கு வரவில்லை, இப்போது பழகிவிட்டது. சாவி கைமாறியதும் தோள் தளரும், "ஏண்டா, காபி போட்டியா?" என்று மறுபடி நம் அப்பா ஆகிவிடுவார்.

உன் அண்ணி தவறிய பிறகு சமையலும் என் தலையில்தான். இந்த நிலைமையில் காலையில் நின்று சமைப்பதாவது. மாடி வீட்டு டீச்சரம்மாதான் வழி சொன்னார். தடித்த பிரெட் துண்டுகளை ஒரு கண்ணாடித் தட்டில் சாய்த்து அடுக்கி, முட்டையும் பாலும் சர்க்கரையும் அடித்து, பட்டைத்தூள், ஜாதிக்காய், கொஞ்சம் சுக்கு கலந்து மேலே ஊற்றி, முதல் நாளே மூடி ஃபிரிட்ஜில் வைத்துவிட வேண்டியது. காலையில் வெண்ணெயும் சர்க்கரையும் தூவி ஓவனில் தள்ளினால் தானே பொங்கி வரும். "காலையில உங்களுக்கு வேலையே இல்ல சார், தப்பு நடக்க வழியே கிடையாது" என்றார். அவர் நம் அப்பாவோடு இருந்ததில்லை.

பழைய பிரெட்தான் பாலை இழுக்குமாம், புதிது கரைந்து கூழாகிவிடுமாம். பேக்கரிக்காரரிடம் போய்ப் பழைய பிரெட் இருக்கிறதா என்று கேட்டேன். கடையில் நின்ற எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "எங்க கடையில பழசுங்கிறதே கிடையாது, யார் உங்களுக்குச் சொன்னாங்க?" என்று அவர் கல்லாவைவிட்டு எழுந்து வந்தார். புதிதையே வாங்கி வந்து, துண்டு போட்டு, மின்விசிறிக்குக் கீழே பேப்பர் விரித்துக் காய வைத்தேன். குளித்துவிட்டு வந்தால் எல்லாத் துண்டையும் அப்பா பழையபடி உறையில் அடுக்கி முடிச்சுப் போட்டிருக்கிறார், சரக்கு வெளியே கிடந்ததாம். மறுபடி விரித்தேன். ஒருவழியாக ஊறப்போட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். ஞாயிறு காலையில் திறந்து பார்த்தால் தட்டின் நான்கு பக்கமும் டேப் ஒட்டி, குறுக்கே அவர் கையெழுத்து. ஆலையில் சரக்கறைக்கு அப்படித்தான் சீல் வைப்பார், உனக்கு நினைவிருக்கும். நடுங்கும் கைதான், ஆனால் ஒரு சுருக்கமில்லாமல் ஒட்டியிருந்தார். எனக்கு அதைக் கிழிக்க மனம் வரவில்லை. ஆனாலும் கிழித்தேன். தட்டின் குளிர் போகட்டும் என்று கொஞ்சம் வெளியே வைத்து, வெண்ணெய் வெட்டிப் போட்டு, ஓவனில் தள்ளினேன். அந்தப் பரபரப்பில் ஒன்றை மறந்துபோனேன். தொப்பி. மாற்று ஆள் அன்றைக்கு வரவே இல்லை.

வாசலில் ஹாரன் சத்தம். அத்தான் காரைச் சந்துக்குள் நுழைத்துவிட்டு முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் வர முடியாமல் நின்றார். நான் ஓடிப்போய் வலது, இடது, போதும் என்று கை காட்டி நிறுத்த வைத்து இருவரையும் உள்ளே அழைத்து வந்தால், சமையலறைக் கதவு பூட்டியிருக்கிறது. அப்பா அதன் முன்னால் விறைப்பாக நிற்கிறார். அவர் பக்கம் நியாயம் இருந்தது. சீல் உடைந்திருக்கிறது, உள்ளே நெருப்பு எரிகிறது, பக்கத்தில் ஆள் இல்லை. பெயிண்ட் ஆலையில் அதற்கென்று உத்தரவு உண்டு: அறையைப் பூட்டு, வாசலில் நில், மாற்று ஆள் வரும்வரை எவரையும் விடாதே.

"அப்பா, நான்தான்பா, வந்திருக்கேன்" என்றாள் அக்கா.

"எந்த டிபார்ட்மென்ட்?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் சுவரைப் பார்த்தேன். "உங்க பொண்ணுப்பா" என்றாள்.

"சொந்தக்காரங்களை டூட்டி நேரத்துல பார்க்கக் கூடாதும்மா. வெளியில உட்காருங்க."

அத்தான் என் காதில், "நான் பார்த்துக்கறேன், இவங்ககிட்ட அதிகாரமாப் பேசணும்" என்று சொல்லிவிட்டு, தொண்டையைச் செருமி, "நான்தான் மானேஜர். கதவைத் திறங்க" என்றார். அப்பா அவரை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "மானேஜர் சட்டை பட்டனை ஒழுங்காப் போட்டிருப்பார்." அத்தான் குனிந்து பார்த்துக்கொண்டார். ஒரு பட்டன் மாறித்தான் போயிருந்தது.

உள்ளேயிருந்து பட்டையும் வெண்ணெயும் சேர்ந்த மணம் வந்தது. "வாசனை பிரமாதம்" என்று அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "எப்ப திறப்பார்?" என்று அக்கா கேட்டாள். நான் லிஃப்ட் கம்பெனியில் புகார் போன் எடுத்தவன். நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு வேலையில் இருந்த காலமெல்லாம் சொன்ன பதில்தான் வாயில் வந்தது: "அஞ்சு நிமிஷம்." தொப்பியை எடுத்து வந்தால் முடிந்துபோகும் விஷயம் என்று எனக்குத் தெரியும். அக்கா பார்க்க, அந்தத் தொப்பியோடு அப்பாவை அண்ணே என்று கூப்பிடுவதை நினைத்தால்தான் கால் நகரவில்லை. அதைப் பார்த்துவிட்டால் அப்பாவை அவள் என்னிடம் விடமாட்டாள். அவள் பார்க்காமல் முடித்துவிடலாம் என்று, "மாடிக்குப் போய் டீச்சரம்மாவைப் பார்த்துட்டு வாயேன்" என்றேன். "டீச்சரைப் பார்க்கவா வந்தேன்?" என்றாள். மணம் மெல்ல மாறியது. முதலில் சர்க்கரை கருகும் வாடை, பிறகு கதவிடுக்கில் புகை. அப்பா இருமினார். இருமிக்கொண்டே நின்றார், நகரவில்லை. கண்ணில் தண்ணீர் வழிந்தது. "அவரை இழுடா" என்று அக்கா அவர் கையைப் பிடித்தாள். அவர் கதவோடு முதுகை ஒட்டிக்கொண்டு, "என்னைத் தள்ளிட்டுப் போனா என் வேலை போயிடும்மா. பிள்ளைங்க இருக்கு" என்றார்.

அதற்குமேல் என்னால் நிற்க முடியவில்லை. பின்கதவு வழியாக ஓடினேன். தொப்பியை வைத்தேன். வீட்டைச் சுற்றி வந்து வாசல் கதவைத் தட்டினேன். அத்தான்தான் திறந்தார், என்னைப் பார்த்ததும் ஏனோ வணக்கம் வைத்தார். "ராத்திரி எப்படிண்ணே?" என்றேன். "உள்ள நெருப்பு. சீல் உடைஞ்சிருக்கு. யாரையும் விடல. ஏன்பா இவ்வளவு லேட்டு?" என்று சாவியைக் கையில் வைத்தார். திறந்து, துணி எடுக்க மறந்து, தட்டை வெறும் கையால் பிடித்தேன். கொப்புளத்தின் கதை அதுதான்.

மேலே தார் ரோடு மாதிரி இருந்தது. மேசையில் வைத்தேன். அப்பா முகம் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். "நீ எப்பம்மா வந்தே? இளைச்சுட்டியே" என்று அக்காவிடம் கேட்டார். கத்தியால் கருகலைச் சுரண்டிவிட்டு அடியிலிருந்த மஞ்சளான பகுதியை எடுத்து அவள் தட்டில் வைத்தார். "அடியில நல்லாத்தான் இருக்கு, சாப்பிடு." அக்கா சாப்பிட்டாள். அத்தான் மரியாதைக்காகக் கருகலையும் சாப்பிட்டார். பிறகு அக்கா என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனாள். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. "இது வீடாடா? ரெண்டு பேரும் ஷிஃப்ட் போட்டுக்கிட்டு இருக்கீங்க. இன்னிக்குப் புகையில அவர் போயிருந்தா?" என்றாள். சரி என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே உன் சம்மதத்தை உடனே எழுதி அனுப்பு. தாமதித்தால் நான் மறுபடி மாறிவிடுவேன், எனக்கு என்னைத் தெரியும். உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, வேளைக்குத் தூங்கி, அடுப்புப் பக்கம் போகாமல் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்.

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். சீல் உடைப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. கருகல் அத்தான் வயிற்றைப் புரட்டிவிட்டதால் அவர்கள் ஊருக்குப் போகாமல் இங்கேயே தங்கிவிட்டார்கள். இன்று காலை வாசல் கதவு தட்டும் சத்தம் கேட்டுத்தான் கண் விழித்தேன். நான் அவ்வளவு நேரம் தூங்கியிருக்கிறேன். எட்டிப் பார்த்தால், கதவுக்கு வெளியே தொப்பி போட்டுக்கொண்டு அக்கா. "ராத்திரி எப்படிண்ணே?" என்றாள். அப்பா, "புது ஆளா? சரி, கேட்டுக்கோங்க" என்று குரலைத் தாழ்த்தினார். "ஒரு தொந்தரவும் இல்ல. உள்ள ஒருத்தன் இருக்கான். பொண்டாட்டி போனதுலேருந்து தூக்கம் கிடையாது. என் செருப்புச் சத்தம் கேட்டாத்தான் கண்ணை மூடறான். அதான் நான் உட்காராம சுத்தறது. என்னை வேற எடத்துக்கு மாத்தப் போறதாப் பேசிக்கறாங்க. முடியாதுன்னு மேல சொல்லிடுங்க. இன்னொண்ணு, அவனை நெருப்புகிட்ட விடாதீங்க."

அக்கா சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு உள்ளே வந்து இல்லத்துக்குப் போன் செய்து, இடம் வேண்டாம் என்றாள். மேலே கேட்டிருக்கும் சம்மதத்தை அனுப்பாதே. இரண்டு மாதம் இங்கே இருக்கப் போகிறாளாம், காரை இங்கேயே நிறுத்திக்கொண்டு அத்தானை ரயில் ஏற்றிவிட்டு வந்தாள். இன்னொரு தட்டு பிரெட்டை ஊறப்போட்டு ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறாள். அப்பா டேப் ஒட்டிக் கையெழுத்தும் போட்டாயிற்று. நாளைக் காலை அதை உடைக்கும் உரிமை மாற்று ஆளுக்கு மட்டும்தானாம். உள்ளே இருப்பவன் கிட்டேயே வரக்கூடாதாம்.