பேஸ்மென்ற் அண்ணையும் அறுபது நாள் நோட்டீசும்

காலை ஆறு நாற்பத்தேழு. ஜூன் மாதத்துச் செவ்வாய்க்கிழமை. என் மகள் அபியின் இடது கால், எங்கள் பின்வளவுப் புல்தரையில் கணுக்கால் வரை புதைந்தது.

வேறு வீட்டில் இது ஒரு செய்தியே அல்ல. எங்கள் வீட்டில் அது உடைந்த கால். பெப்ரவரி ஐஸில் வழுக்கி, முழங்காலுக்குக் கீழே இரண்டு இடத்தில் முறிந்து, தகடும் ஆணியும் வைத்துப் பூட்டிய கால். "தினமும் இருபது நிமிடம் வெறுங்காலோடு புல்லில் நடக்கட்டும். தரை மட்டமாக இருப்பது முக்கியம். இன்னொருமுறை மடங்கினால் மறுபடி ஆஸ்பத்திரிதான்" என்று பிசியோதெரபிஸ்ட் சொல்லியிருந்தார். அந்தப் பெண் கடைசி வாக்கியத்தைச் சிரித்துக்கொண்டே சொன்னார். அன்றிலிருந்து நான் சிரிக்கவில்லை.

கால் மடங்கவில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். முதலில் கத்திவிட்டேன். அப்போது புல்லின் மட்டத்தில் இருக்கும் சின்ன ஜன்னல் திறந்து, ஒரு வழுக்கைத் தலை எட்டிப் பார்த்தது.

"தங்கச்சி, கத்தாதேங்கோ. உது பயந்து இன்னும் நாலு பக்கம் கிண்டும்."

"எது அண்ணை?"

"மோல். நாலு நாளா என்ரை சுவருக்குப் பக்கத்தாலை போய் வருது. நல்ல அமைதியான ஆள்."

ரொறன்ரோ மாநகரத்தைக் கீழிருந்து முழுமையாக அறிந்த மனிதர் ஒருவர்தான் உண்டு. அவர் எங்கள் பேஸ்மென்ற் அண்ணை. இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருடம். பார்க்டேலில் தொடங்கி, இப்போது நாலு வருடமாக வோபர்னில் எங்கள் வீட்டுக்குக் கீழே, பதினொரு பேஸ்மென்றுகளில் இருந்துவிட்டார். ஒரு நாளாவது தரைக்கு மேலே குடியிருந்ததில்லை. யூனியன்விலில் இருக்கும் தம்பி, மாடியில் பெரிய அறை கொடுத்து வைத்துக்கொள்ளப் பார்த்தார். மூன்றாம் நாளே அண்ணை ஓடி வந்துவிட்டார். "காலுக்குக் கீழை ஆக்கள் நடமாடுற வீட்டிலை மனிசன் எப்பிடி நித்திரை கொள்ளுறது?"

மேலே நடப்பவர்களின் காலடியைக் கொண்டே அவர் குடும்ப வரலாறு எழுதுவார். "நேற்று மூண்டு மணிக்குக் குசினியிலை கோவமா நடந்தனீங்கள்" என்பார். உண்மைதான், சமையலறையில் அப்படி நடந்திருப்பேன். கால் உடைவதற்கு முன்பு, அபி பள்ளிக்கூடம் போக மாடிப்படியில் தடதடவென்று இறங்குவதைக் கேட்டுத்தான் காலையில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைப்பாராம். அவர் எங்களிடம் வருவதில்லை. ஏதாவது தேவையென்றால் கீழிருந்து தும்புத்தடியால் கூரையில் இரண்டு தட்டு. நான் மேலிருந்து ஒரு தட்டு. அதுதான் எங்கள் டெலிபோன்.

உண்மையான டெலிபோனில் வேலையிடத்திலிருந்த கணவரைப் பிடித்தேன். "மோல் வந்திருக்கு, அபி பயந்துபோனாள்" என்றேன். மறுமுனையில் பெருமூச்சு. "முகத்திலையோ? டொக்டரிட்டைக் காட்டினியோ?" அந்த மனிதர் மச்சத்தை நினைத்துவிட்டார்; ஆங்கிலத்தில் அதுவும் மோல்தான். அவருக்கு அது எலி மாதிரி ஒன்று, நிலத்துக்குக் கீழே சுரங்கம் தோண்டும் என்று விளங்கப்படுத்த ஐந்து நிமிடம் எடுத்தது. "அப்ப அகழான் எண்டு சொல்லன்" என்று என்னையே ஏசினார்.

பேஸ்மென்ற் அண்ணையிடம் மருந்து இருந்தது. "ஆமணக்கெண்ணெய். தண்ணியிலை கலந்து தெளிச்சால் மண் நாறும். நாறினால் உது நிக்காது." பிறகு இணையத்தில் தேடிப் பார்த்தேன். வெள்ளைக்காரர்களும் அதைத்தான் சொல்கிறார்கள். அன்று மாலையே அண்ணை தமிழ்க்கடைக்குப் போய் ஆறு போத்தலோடு வந்து, பூவாளியால் புல் முழுக்கத் தெளித்தார்.

மறுநாள் காலை பின்கதவைத் திறந்தபோது எனக்குக் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றியது. வளவு முழுக்க மூலஸ்தானத்து வாசம். புல்தரையை யாரோ பாய் சுருட்டுவதுபோல மூன்று இடத்தில் சுருட்டி வைத்திருந்தார்கள். அந்த வாசத்துக்கு வந்து புல்லைப் புரட்டிய ரக்கூன் ஒன்று வேலியில் உட்கார்ந்து, பிரசாதம் உண்ட முகத்தோடு விரல்களை நக்கிக்கொண்டிருந்தது.

அபி தடியை ஊன்றியபடி மூக்கை உறிஞ்சினாள். "அம்மா, இட்ஸ் லைக் எ கோயில் அவுட் ஹியர்!"

வெறும் போத்தலை எடுத்துப் பார்த்தேன். குத்துவிளக்குப் படம். "நறுமணம் கமழும் விளக்கு எண்ணெய்."

"அண்ணை, கடையிலை என்னெண்டு கேட்டனீங்கள்?"

"ஆமணக்கெண்ணெய் எண்டன். அந்தப் பிள்ளை முழிச்சுது. இங்கை பிறந்த பிள்ளைதானே. அப்ப, இந்தியாக்காரர் சொல்லுறமாதிரி விளக்கெண்ணெய் எண்டன். ஓம் அங்கிள் எண்டு எடுத்துத் தந்தது." போத்தலைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார். "உதிலை ஒரு 'கு' கூடிப்போச்சு."

ஒரு 'கு' எங்கள் புல்லில் பாதியைத் தின்றுவிட்டது. நான் கதிரையில் இருந்துவிட்டேன். பிள்ளை எங்கே நடப்பாள்? பார்க்குக்குக் கூட்டிப்போனால் நாய்கள் தோண்டிய குழி. வீட்டுக்குள் நடந்தால் வழுக்கும் டைல்ஸ். நான் அழப்போவது அண்ணைக்கு விளங்கியிருக்க வேண்டும். ஆறுதல் சொல்ல அவருக்குத் தெரியாது. சட்டம் பேசினார்.

"தங்கச்சி, யோசிச்சுப் பாருங்கோ. உது ஒரு பேஸ்மென்ற் ரெனன்ற், என்னை மாதிரிக் குடியிருக்கிற ஆள். ரெனன்றை எழுப்புறதெண்டால் அறுபது நாள் நோட்டீஸ் குடுக்கவேணும். எண்ணெய் ஊத்தி எழுப்பப் பார்த்தது எங்கடை பிழை."

பகிடி என்று நினைத்தேன். பின்னேரம் மண்மேட்டுக்குப் பக்கத்தில், ஐஸ்கிரீம் குச்சியில் ஒட்டிய துண்டுக் கடதாசி நட்டிருந்தது. "ஆகஸ்ட் பதினேழுக்குள் இவ்விடத்தை விட்டு விலகவும். இப்படிக்கு, மற்ற பேஸ்மென்ற்."

"அதுக்குக் கண்ணே சரியாத் தெரியாதாமே, அண்ணை?"

"வாசிக்கிறது உதின்ரை பொறுப்பு. குடுக்கிறது எங்கடை பொறுப்பு."

அதன் பிறகுதான் பெரிய கூத்து. சுருண்ட புல்லை விரித்து, மண் போட்டு அமத்தினார். மறுநாள் காலை ஆறு மணிக்கு, கோடை வெயிலில், முழங்கால் வரை உயர்ந்த பனிச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு புல்லில் இறங்கினார். குதிக்கால், முன்கால், குதிக்கால், முன்கால் என்று வேலியிலிருந்து வேலிக்கு, அங்குலம் அங்குலமாக மிதித்தார். புல்லுக்குக் கீழே நரம்புபோலப் புடைத்திருந்த வழிகளெல்லாம் அமர்ந்தன. பக்கத்து வீட்டுச் சீனப் பெண்மணி கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, தானும் கையை உயர்த்தி இறக்கி உடற்பயிற்சியைத் தொடங்கினார்.

மிதித்த வழி மறுநாள் திரும்பப் புடைத்தால் மோல் அங்கே புழங்குகிறது என்று அர்த்தம். அந்த இடங்களில் குளிர்பானம் உறிஞ்சும் சிவப்பு ஸ்ட்ரோ குத்தினார். ஆறே முக்காலுக்கு அபி வரும்போது அறிக்கை தயாராக இருக்கும். "வேலிப்பக்கம் போகாதை பிள்ளை. ஆள் காலமை அங்காலை உலாவுறார். நடுவாலை நட."

"தேங்ஸ் அங்கிள். ஹீ இஸ் சோ கியூட், அம்மா." அவள் சொன்னது மோலையா அண்ணையையா என்று நான் கேட்கவில்லை.

அவள் நடக்கும்போது அவர் பேஸ்மென்ற் படியில், புல்லுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருப்பார். "பிள்ளை நடக்கிறதைப் பாக்காமல் என்னத்துக்கு அங்காலை திரும்பி இருக்கிறியள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"பாத்தால் காலடி கேக்கேலாது" என்றார்.

ஜூலை முழுக்க ஒரு நாள் தவறவில்லை. மழையிலும் மிதித்தார். நான் ஜன்னலோரம் ஆறிய தேத்தண்ணியோடு நின்று, மகளின் ஒவ்வொரு அடியையும் எண்ணினேன். அபி தடியை விட்டாள். ஸ்ட்ரோக்கள் பத்திலிருந்து நாலாகி, ஒன்றாகக் குறைந்தன. ஆகஸ்ட் எட்டாம் திகதி எங்கும் புடைக்கவில்லை.

"போயிட்டுது" என்றார் அண்ணை. "ஒன்பது நாள் மிச்சம் இருக்கு. மரியாதையான ரெனன்ற்." நோட்டீசைப் பிடுங்கித் துடைத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஆனாலும் மறுநாள் ஆறு மணிக்குச் சப்பாத்தோடு வந்து நின்றார். மோல் போன செய்தி சப்பாத்துக்கு இன்னும் போய்ச் சேரவில்லையாம்.

செப்டெம்பரில் பள்ளிக்கூடம் தொடங்கிய நாள். நேரம் பிந்திவிட்டது என்று அபி மாடியிலிருந்து இறங்கி, வாசலைத் தாண்டி, பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள். எனக்கு இன்னமும் அந்தப் படிகளில் நம்பிக்கை வரவில்லை. கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது வாசல் மணி அடித்தது. மணி அடித்தால் எனக்கு ஆஸ்பத்திரிதான் ஞாபகம் வரும். ஓடிப்போய்த் திறந்தேன்.

பேஸ்மென்ற் அண்ணை. நாலு வருடத்தில் முதல் தடவையாக எங்கள் வாசற்படி ஏறி, பனிச் சப்பாத்தோடு, மூச்சு வாங்க நின்றார்.

"என்ன அண்ணை, பிள்ளைக்கு ஏதும்...?"

"ஒண்டுமில்லைத் தங்கச்சி" என்றார். "பிள்ளை இப்ப படியிலை இறங்கினவள். எது உடைஞ்ச காலெண்டு எனக்குப் பிடிபடேல்லை."