தின்னர் போட்டுத் துடைத்த பெயர்

சந்தேகப்படுகிற மனிதருக்கு ஆதாரம் காட்டக் கூடாது. காட்டினால் அந்த ஆதாரத்தையும் சேர்த்துச் சந்தேகப்படுவார். இதை நான் என் மாமனாரிடம் படித்தேன், அதுவும் அவர் எனக்கு மாமனார் ஆவதற்கு முன்பே.

யுத்தம் முடிந்த வருடம். கல்முனையில் பெயர்ப்பலகை எழுதிப் பிழைத்துக்கொண்டிருந்தேன். கம்பியூட்டரில் எழுத்து வெட்டி ஒட்டும் கடைகள் அப்போதுதான் திறந்திருந்தன. என் வாடிக்கையாளர்களை அவர்கள் களவாக இழுக்கிறார்கள் என்று எனக்குச் சந்தேகம். (களவு ஒன்றும் இல்லை. பட்டப்பகலில்தான் இழுத்தார்கள்.)

அந்த நேரம் பரீனாவை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். சுனாமி கொண்டுபோன சாறன், லுங்கிக் கடையை அவளுடைய வாப்பா திரும்பவும் கட்டி, மகளின் பெயரையே வைத்தார். 'பரீனா சாறன் ஹவுஸ்' போர்டை எழுதும் வேலை எனக்கு. கையில் தொழில் உள்ள மாப்பிள்ளை என்று சொல்லித்தான் பெண் கேட்டிருந்தோம். தொழில் பொய்யென்றால் கலியாணமும் இல்லை.

இங்கேதான் என் மடத்தனம். கம்பியூட்டர்காரனுக்குப் பாடம் படிப்பிக்க வேண்டுமென்று மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு எழுதினேன். பிரஷ் போன தடம் ஒன்றுகூடத் தெரியவில்லை. எழுத்தின் ஓரங்களைச் சவர பிளேடால் சுரண்டி நேராக்கினேன். என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கடை திறக்கும் நாள் காலையில் போர்டை வாசலில் இறக்கினேன். மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு பார்த்தார்.

"மகன், இது கம்பியூட்டர்ல வெட்டி ஒட்டினதுதானே?"

"இல்ல மாமா, கையால எழுதின."

நகத்தால் சுரண்டினார். ஒன்றும் உரியவில்லை.

"நல்ல பசைதான் போட்டிரிக்கான்" என்றார்.

பக்கத்துக் கடைக்காரர்கள் கூடிவிட்டார்கள். "அப்ப ஒரு எழுத்த எங்களுக்கு முன்னால எழுதிக் காட்டுங்க பாப்பம்" என்றார் மாமா. பலகைத் துண்டு ஒன்று வந்தது. அத்தனை கண்ணும் என் கையில். நான் எழுதிய 'ப' காய்ச்சல்காரன் மாதிரி ஒரு பக்கம் சரிந்தது.

"இதுதான் இவர்ர கை" என்றார் தேத்தண்ணிக் கடைக்காரர். "மத்தது மிசின்."

மாமா முகத்தைத் திருப்பிக்கொண்டார். "பொய் சொல்ற மாப்பிள்ளை எனக்கு வேணாம். உங்கட வாப்பாவ வரச் சொல்லுங்க, கதைக்க இரிக்கி."

எனக்குக் கண்மண் தெரியாத கோபம். துணியைப் பெயின்ட் கரைக்கும் தின்னரில் நனைத்து, "ஸ்டிக்கரா இது? பாருங்க" என்று போர்டில் ஓர் இழுப்பு இழுத்தேன். பெயின்ட் உள்ளே காய்ந்திருக்கவில்லை. சிவப்பு கரைந்து வழிந்தது. பார்த்தால் பலகையில் 'சாறன் ஹவுஸ்' மட்டும் இருக்கிறது. கட்டப்போகிற பெண்ணின் பெயரை, அவள் வாப்பாவுக்கு முன்னால், நானே அழித்திருந்தேன்.

மாமா விரலால் தொட்டு மணந்து பார்த்தார்.

"பெயின்ட்தான்" என்றார் கவலையாக. "கலியாணம் நடக்கும். இந்தப் போர்ட மட்டும் கொண்டு போங்க."

அஸர் தொழுகைக்குப் பிறகு ஆட்கள் வரத் தொடங்குவார்கள். கம்பியூட்டர் கடையில் சொல்லி கடைப் பெயர் போட்ட பிளாஸ்டிக் பெனர் ஒன்றை அவசரமாக அடிப்பித்தார்கள். அதைக் கட்ட ஏணி பிடித்தவன் நான்.

மாமாவின் காதில் அந்தச் சந்தேகத்தைப் போட்டது கம்பியூட்டர்காரன்தான் என்று பத்து வருடம் அவனோடு கதைக்காமல் இருந்தேன். ஒரு பெருநாளன்று பரீனா வட்டிலப்பத்தை வெட்டிக்கொண்டே சொன்னாள்:

"நான்தான் வாப்பாக்கிட்ட சொன்ன."

"நீயா? ஏன்?"

"கலியாணத்துக்கு முந்தி களவா எனக்கு ஒரு கடிதம் எழுதினீங்களே. கோழி கிளறின மாதிரி. அந்த எழுத்தப் பார்த்த நான், நீங்க கையால போர்ட் எழுதுறீங்க எண்டா எப்படி நம்புற? வாப்பாவ ஏமாத்துறீங்க எண்டு நினைச்சன்."

இந்தக் கதை எங்கள் வீட்டில் எல்லாப் பெருநாளுக்கும் ஓடும். மாமா இருந்தால் மட்டும் ஏணி பிடித்த இடத்தோடு நிறுத்திவிடுவோம், கடிதம் போனது அவருக்கு இன்னும் தெரியாது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பார்.

"இவ்வளவுதானா? இன்னும் என்னமோ இரிக்கி."