அகலமான கதவும் மூன்றாம் மாடியும்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

தங்கள் தங்கை புருஷன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே அனைவரும் நலம் என்று எழுதுவதுதான் முறை, ஆகவே எழுதிவிட்டேன். இனி உண்மை.

"நம்மள மாதிரி ஆளுங்களுக்குக் காலேஜ் கதவை அகலமா திறந்துட்டாங்க, பிள்ளையைச் சேர்த்துவிடுங்க" என்று சொன்னது தாங்கள்தான். பொய்யில்லை. கதவை நிஜமாகவே இடித்து அகலப்படுத்தியிருக்கிறார்கள். என் மகளின் சக்கர நாற்காலி போவதற்கு வாசலில் சரிவுப்பாதை போட்டு, ரிப்பன் கட்டி, அவள் கையிலேயே கத்தரிக்கோலைக் கொடுத்தார்கள். எல்லாரும் கைதட்டினார்கள், நான் அழுதேன். போட்டோக்காரர் மட்டும், "ஐயா, கொஞ்சம் பழைய சட்டையா போட்டுட்டு வாங்களேன், பார்த்தா வசதியானவர் மாதிரி இருக்கீங்க" என்றார். கிடங்கில் மூட்டை தூக்குகிறவனை அப்படிச் சொன்ன முதல் மனிதர் அவர்தான். அதுவும் இரவல் சட்டை.

மறுநாள் போனால் வகுப்பு மூன்றாம் மாடியில். லிஃப்ட் கிடையாது. யானையைக் கொடுத்துவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கிறார்கள். முதல்வரிடம் போய் நின்றேன்.

"திட்டத்துல இருக்குங்க, வந்துடும்."

"அதுவரைக்கும் கீழ இருக்கிற அறையில பாடம் நடத்தக் கூடாதாங்க?"

"அது மாற்றுத்திறனாளி மாணவர் நல அலுவலகம். அதைக் காலி பண்ணிட்டா அவங்கெல்லாம் எங்க போவாங்க?"

அந்த 'அவங்கெல்லாம்' என் மகள் ஒருத்திதான், மச்சான்.

அன்றிலிருந்து அவளை முதுகில் சுமந்து ஏறுகிறேன். மூட்டை வாய் பேசாது. இது, "உங்களுக்கு மூச்சு வாங்குதுப்பா, இறக்கி விடுங்க" என்று வழியெல்லாம் பேசுகிறது. இறங்கித் திரும்ப ஏறத் தெம்பில்லாமல் மாலை வரை கடைசி பெஞ்சிலேயே உட்கார்ந்துவிடுகிறேன். ஒருநாள் தலையை எண்ணியபோது என்னையும் சேர்த்து எண்ணிவிட்டார்கள்.

இன்று மாலை இறங்கும்போது படித் திருப்பத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டது. அவளோடு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிள்ளைகள் "சாரி அங்கிள்" என்று எங்களைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"போதும்ப்பா. நான் மேல போய்ப் படிக்கிறதுக்கு நீங்க கீழ விழணும்னா, அந்தப் படிப்பு எனக்கு எதுக்கு?"

பதில் இருந்தது. மூச்சு இல்லை. பிறகு காவலாளி வந்து எங்களைத் தனித்தனியாக இறக்கினார். முதலில் என்னை.

ஆகவே படிப்பை நிறுத்துவதென்று முடிவு. தங்கள் ஜெராக்ஸ் கடையில் அவளுக்கு ஓர் இடம் கொடுத்தால் போதும். நாற்காலி அவளே கொண்டுவருவாள். கடை தரைமட்டத்தில் இருப்பதற்குத் தங்களுக்குப் புண்ணியம்.

அக்காவுக்கு வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசிகள். அனைவரும் மாடிப்படி இல்லாத வீட்டில் பல்லாண்டு வாழ்க.

இப்படிக்கு,
தங்கள் தங்கை புருஷன்

பி.கு.: கடையில் இடம் வேண்டாம். இன்றைய சரித்திர வகுப்பில், கோட்டையை இழந்த ராஜா ஓடமில்லாமல் ஆற்றங்கரையில் நிற்கும்போது மணி அடித்துவிட்டது. தூக்கம் வரவில்லை. "அந்த ஆள் அக்கரைக்குப் போனாரா?" என்று அவளை எழுப்பிக் கேட்டேன். அவளும் தூங்கியிருக்கவில்லை. "நாளைக்குத்தாம்ப்பா சொல்வாங்க" என்றாள். எனவே நாளை ஒருநாள் மட்டும் போய்வருகிறோம். இடுப்புக்குக் கட்டுகிற பெல்ட் ஒன்று வாங்கி அனுப்பவும். மூன்று வருஷம் உழைக்கிறதாகப் பார்த்து.