பாலைநில வீட்டை நான் பூட்டிய முறை

ஊஸ்டர், சுவிஸ்
ஆடி 3

அன்பும் பொறுமையும் ஒருங்கே வாய்த்த தம்பி வினோதனுக்கு,

தமையன் கனகசபை எழுதும் மடல். ரொறன்ரோவில் நீரும் சாருஜாவும் மகன் ஆருசும் கோடையை இனிதே கழிப்பீர்கள் என நம்புகிறேன். இங்கு நானும் உம் அண்ணி பரமேஸ்வரியும் உடல்நலத்தோடு இருக்கிறோம். உளநலம் பற்றிக் கீழே எழுதுகிறேன்.

ஆயிரம் பேர் கூடிய அவைகளில் தயங்காது பேசிய நான் இம்மடலை இருமுறை கிழித்து எழுதுகிறேன். நேரே சொல்லிவிடுகிறேன்: அரபுப் பாலைநிலத்து அல் ஐனில் தளபாடங்களோடு நீர் எடுத்திருந்த வாடகை வீடு இனி உம் வீடன்று.

அங்கே தமிழ் விழாவில் பேச வந்த என்னிடம் வீட்டை ஒப்படைத்து, கோடை முழுதும் அது ஆளின்றிக் கிடக்க ஆவன செய்யுமாறு பட்டியலொன்று எழுதிவைத்துச் சென்றீர். குளிரூட்டியை இருபத்தெட்டுப் பாகையில் ஓடவிட்டேன். வெயில் புகாமல் திரைகளை இழுத்துவிட்டேன். கழிப்பறைக் கிண்ணத்து நீர் வற்றிக் கரப்பான் ஏறாதிருக்க மெல்லிய நெகிழித் தாளால் மூடினேன். ஒரு முற்பகலில் எல்லாம் முடிந்தது. ஆயினும் மனம் அடங்கவில்லை. சூளையடுப்பின் இடுக்கை விரலால் தடவிப் பார்த்தே வீட்டைத் திரும்பப் பெறும் இந்தச் சுவிஸ் நாட்டில் ஐந்து வாடகை வீடுகளைக் கையளித்தவன் நான். ஒருவரும் பார்வையிடாத வீட்டை வெறுமனே பூட்டிவிட்டு வானூர்தி ஏறுவது என்னால் இயலுமோ? இரண்டு நாள் தேய்த்தேன். அடுப்பங்கரை எண்ணெய்ப் பிசுக்கும், குழாய்களின் சுண்ணப் படிவும், ஆருஸ் சுவரில் தீட்டிய ஒட்டகமும் ஒழிந்தன. பின்பு கட்டட அலுவலகம் சென்று, பார்வையிட வருமாறு அங்கிருந்த நெல்லைக்காரரை அழைத்தேன்.

“லீவுக்குத்தானே சார் போறாங்க? பூட்டிட்டுக் கெளம்புங்க” என்றார்.

“பார்வையிட்டுக் கையொப்பம் இடாமல் நான் புறப்படேன்.”

“கையெழுத்துப் போடணும்னா எங்ககிட்ட இருக்கிறது இந்த ஒரு ஃபாரம்தான் சார்.”

அதையே கொண்டுவரச் சொன்னேன். நீர் என் பெயருக்கு எழுதிவைத்த அதிகாரக் கடிதத்தையும் நானே எடுத்து நீட்டினேன். அவர் அறை அறையாகப் பார்த்து, “இப்படி ஒரு வீட்டை நான் பார்த்ததே இல்ல சார்” என்றபோது என் நெஞ்சு நிமிர்ந்தது. படிவத்தை வாசிக்காமல் ஒப்பமிட்டு, திறவுகோல்களையும் கொடுத்து வந்தேன். ஊஸ்டர் வந்ததும் அதன் படியைப் பெருமையோடு பரமேஸ்வரியிடம் காட்டினேன். ‘வீடு காலிசெய்து ஒப்படைக்கப்பட்டது’ என்ற வரியை அவள் வாசித்தாள், பின் கதிரையில் அமர்ந்தாள்.

“வீட்டைப் பூட்டிப்போட்டு வாங்கோ எண்டா, வீட்டையே குடுத்துப்போட்டு வந்திருக்கிறீங்க. அந்தப் பிள்ளையள் திரும்பிப் போய் எங்கயப்பா படுக்கிறது?”

ஐம்பதாண்டுச் சொல்வன்மை ஒரு கேள்வியில் அடங்கியது. தம்பி, உம்மை வீடிழக்கச் செய்த பெரும்பிழைக்குத் தலைதாழ்த்தி மன்னிப்பு வேண்டுகிறேன். வேறு வீடு அமையும்வரை எம் இல்லம் உமதே.

உம் மனையும் மகவும் குறைவின்றி வாழ்க.

என்றும் தலைகுனிந்த தமையன்,
கனகசபை

பின்குறிப்பு: உறையை ஒட்டுமுன் உமது தொலைபேசி அழைப்பு வந்தது. நீர் சிரித்தீர். “அண்ணை, எனக்கு இஞ்ச வேலை கிடைச்சிட்டுது. சுத்தம் காணாதெண்டு மூண்டு தரம் அவங்கள் வீட்டைத் திருப்பி எடுக்கேல்ல, அதால லீவுக்குப் போறன் எண்டு சொல்லிப்போட்டு வந்தனான். நீங்க சுவிஸ்காரர், விடமாட்டீங்க எண்டு தெரியும். அதுக்குத்தானே உங்களைக் கடைசியா விட்டிட்டு வந்தனான்.” ஆகவே மேற்கண்ட மன்னிப்பை முழுமையாக மீளப் பெறுகிறேன். ஒட்டகத்தைத் தேய்த்த தோள் இன்னும் வலிக்கிறது.