ஆறாவது போல்ட்

வடக்கனந்தல்
22-9-87

அன்பு மைத்துனர் அரங்கநாதன் அவர்கள் சமூகத்துக்கு வீரமுத்து வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் தங்கள் தங்கை ராஜாம்பாளும் மாடு கன்றும் சுகம். தங்கள் வீட்டிலும் அப்படியே இருக்க அய்யனாரை வேண்டுகிறேன். லாரிக்குத்தான் சுகமில்லை.

பன்னிரண்டு வருஷமாக வாசலில் நிற்கிற என் யுத்த காலத்து லாரியைப் பழைய இரும்புக்குப் போட, சுபாஷ் சேலத்திலிருந்து ஆளை வரச் சொல்லிவிட்டான். பெற்ற பிள்ளை! "கோயில் வரைக்கும் ஓட்டிக் காட்டு நைனா, அப்பறம் நான் வாயத் தொறக்கல" என்று சவால் வேறு. இட ஒதுக்கீடு கேட்டு மறியல்காரர்கள் சாலையெல்லாம் மரத்தை வெட்டிப் போட்டிருப்பதால் அந்த ஆள் வர முடியவில்லை. பிள்ளைகளுக்கு இடம் கேட்கிறார்கள், கிடைக்கட்டும். எனக்கும் நாலு நாள் கிடைத்தது. எஞ்சின் முந்தாநாளே உறுமிவிட்டது. குறை இடப்பக்கப் பின்சக்கரத்தில்தான். அதன் ஆறு போல்ட்டையும் எவனோ எப்போதோ கழற்றிவிட்டான்.

கள்ளக்குறிச்சிக்கு நடந்தே போய் ஏழு கடை ஏறினேன். அந்தச் சக்கரத்துக்கு மரை தலைகீழ், ஊரெல்லாம் வலப்பக்கம் முறுக்கினால் இது இடப்பக்கம் முறுகும். ஒரு கடைக்காரர், "இன்னா பெரியவரே, இந்த மரையெல்லாம் வெள்ளக்காரன் போகும்போதே எடுத்துக்கினு பூட்டான்" என்றார். கடைந்து வாங்கலாம் என்று லேத்துப் பட்டறைக்குப் போனால் பூட்டு; லேத்துக்காரர் மறியலில் நடுரோட்டில் உட்கார்ந்துகொண்டு, "எங்களுக்கு எடம் கெடச்சதும் மொத வேல உங்க வேலதாங்க" என்கிறார். விடுவேனா? லாரியில் இருந்தது ஊரில்தானே இருக்கும் என்று வீடு வீடாகக் குனிந்து பார்த்தேன். அம்மாசியின் பம்புசெட் காலில் ஒன்று, கரும்பு வண்டி அச்சில் இரண்டு, பச்சையம்மாள் ஆடு கட்டும் முளையாக ஒன்று. "நான் திருடலிங்க, குடுத்தாங்க, வாங்கிக்கினேன்" என்று அவள் ஆரம்பித்தாள். கதை கேட்க எனக்கு நேரம் ஏது, ஆட்டை அவள் கையில் கொடுத்துவிட்டு முளையைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன். ஐந்தாவது போல்ட் கல்வராயன் மலைப் பள்ளிக்கூடத்தில் மணியடிக்கிறது என்று தெரிந்து, அறுபத்திரண்டு வயதில் மலை ஏறினேன். வாத்தியார், "இத குடுத்துட்டா புள்ளைங்கள எப்டிங்க வூட்டுக்கு அனுப்பறது?" என்றார். என் ஜாக்கிக் கம்பியைக் கொடுத்தேன். அடித்துப் பார்த்தார், ஓசை ஜாஸ்தி, பள்ளிக்கூடமே பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டது.

ஆறாவது தங்களிடம் இருக்கிறது மச்சான். தங்கள் கரும்பு ஆலையில். மறுக்க வேண்டாம். எழுபத்தொன்பது பொங்கலுக்கு வந்தபோது லாரியை மூன்று சுற்றுச் சுற்றினீர்கள். பிள்ளையாரைக்கூட நீங்கள் அப்படிச் சுற்றி நான் பார்த்ததில்லை. ஆலை நின்றாலும் பரவாயில்லை, கழற்றி, இந்தக் கடிதத்தைக் கொண்டுவரும் இருசப்பனிடம் கொடுத்தனுப்பவும். சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு மரங்களைத் தாண்டிச் சின்னசேலத்துக்கு வருகிறான். கொடுக்காவிட்டால் நானே ஸ்பானரோடு வருவேன்.

வீட்டில் அக்காவுக்கு என் வணக்கம். பேத்தி சுபஸ்ரீ நூறாண்டு வாழ ஆசி.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன்
வீரமுத்து

பி.கு.: இருசப்பனை நிற்க வைத்துவிட்டு இதை ராஜாம்பாளுக்கு வாசித்துக் காட்டினேன். "எங்கண்ணன ஏன் இழுக்கற? ஆறும் நான்தான் கயட்ட வெச்சேன்" என்றாள். பன்னிரண்டு வருஷம் முன்பு மலையிறக்கத்தில் பிரேக் போய், காலை ஒடித்துக்கொண்டு ஆறு மாதம் படுத்தேனே, அப்போதே கழற்ற வைத்து, திரும்ப ஒன்றுசேரக் கூடாதென்று கேட்டவர்களுக்கெல்லாம் ஒவ்வொன்றாகக் கொடுத்திருக்கிறாள். ஒன்றை மட்டும் கொடுக்க மனம் வராமல் அரிசிப் பானையில் போட்டு வைத்திருந்தாளாம். அதைத் துடைத்து என் கையில் வைத்தாள். "ஓட்டு. நானும் பக்கத்துல குந்திக்கினு வருவேன். போனா ரெண்டு பேரும் போவோம்" என்றாள். ஆகவே மேலே எழுதியதையெல்லாம் மன்னித்து, போல்ட்டுக்குப் பதிலாக ஒரு மெத்தை கொடுத்தனுப்பவும். அவள் உட்காரும் பக்கம் வெறும் கம்பிதான் இருக்கிறது.