அத்தான் ரத்தமும் பச்சை, அண்ணாச்சி ரத்தமும் பச்சை

ஆராய்ச்சியில் சேர்ந்த முதல் வருஷம் எனக்குத் தெரியாதது எதுவுமில்லை என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பில் அக்காவின் கல்யாணத்தையே நிறுத்தப் பார்த்தேன்.

பாளையங்கோட்டையில் ஒரு சின்ன ஆய்வகம். பரம்பரையாக வரும் ரத்தசோகை ஒன்றுக்கு மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறியிருப்பது காரணம். அந்த மாற்றம் இருந்தால் மட்டும் ஒட்டிக்கொண்டு பச்சையாக ஒளிர வேண்டிய டிஎன்ஏ துண்டை, அதாவது புரோபை, உருவாக்குவது என் வேலை. உருவாக்கினேன். ஒரு நோயாளியின் ரத்தத்தில் போட்டுப் பார்த்தேன். ஒளிர்ந்தது. (தலைகால் புரியவில்லை எனக்கு.)

அக்காவுக்கு நிச்சயித்திருந்த அம்பாசமுத்திரத்து மாப்பிள்ளை ஒருநாள் ஆய்வகத்தைப் பார்க்க வந்தார். "எங்க, என் ரத்தத்தையும் பாரேன்" என்று விரலை நீட்டினார். மறுநாள், பச்சை! பயந்துபோய் அக்காவின் ரத்தத்தையும் சோதித்தேன். அதைவிடப் பச்சை. இருவருக்கும் மாற்றம் இருந்தால் பிள்ளைக்கு நோய் வரலாம். அழுதுகொண்டே வீட்டில் சொன்னேன்.

"ஏட்டி, ஊரெல்லாம் பத்திரிகை கொடுத்தாச்சு. இப்பப் போயி என்னட்டி சொல்லுத?" அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா முகம் கொடுத்துப் பேசவில்லை. அத்தான் மட்டும் போனில், "அழாத. என்ன செய்யணும்னு டாக்டர்ட்ட கேப்போம். கல்யாணம் நிக்காது" என்றார்.

என் வழிகாட்டியான மேடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "நோய் இல்லேன்னு தெரிஞ்ச ரத்தத்துல போட்டுப் பாத்தியா?"

பார்க்கவில்லை. மேடம் தன் ரத்தத்தையே கொடுத்தார். பச்சை. காவலாளி அண்ணாச்சியும் கொடுத்தார். பச்சை.

"ஏ தாயி, அப்ப எனக்கும் கல்யாணம் நின்னு போச்சா?" என்றார், பேரன் பேத்தி எடுத்த அண்ணாச்சி.

என் புரோப் தேவைக்கு மேல் நீளம். மாறிய எழுத்தை அதன் ஓரத்தில் வேறு வைத்திருந்தேன். அந்த ஓர் எழுத்து பொருந்தாவிட்டாலும், மற்ற எழுத்துகளின் பலத்தில் அது எல்லோரிடமும் ஒட்டிக்கொண்டது. மேடம் பக்கத்தில் நிற்க, நீளத்தைக் குறைத்தேன். அந்த எழுத்தை நடுவில் வைத்தேன். சரியாகப் பொருந்தாமல் ஒட்டியதைக் கழுவி நீக்கும் நீரின் சூட்டைக் கொஞ்சம் ஏற்றினேன். இப்போது நோயாளியின் ரத்தம் மட்டும் ஒளிர்ந்தது. அக்கா, அத்தான், மேடம், அண்ணாச்சி எல்லோரும் இருட்டு. அத்தனை அழகான இருட்டை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. ஆஸ்பத்திரிப் பரிசோதனையும் இருவருக்கும் ஒன்றுமில்லை என்றது. அதன் பிறகுதான் அம்மா சாப்பிட்டாள்.

அந்த ஆய்வகம் இடம் மாறிவிட்டது. பஸ்ஸில் அந்தப் பக்கம் போனால், எங்கள் ஜன்னல் தெரிகிறதா என்று இன்றும் எட்டிப் பார்ப்பேன்.

இப்போது மற்ற ஆய்வகங்களுக்கும் புரோப் வடிவமைத்துக் கொடுக்கிறேன். வீட்டில்தான் மரியாதையே இல்லை. அக்கா மகள் ஒரு தும்மல் போட்டால் போதும், அத்தான் ஆரம்பித்துவிடுவார்: "சித்தி காதுல விழாமத் தும்மு தாயி. தெருவுக்கே நோய்னு சொல்லிருவா!"